ஹார்மோன் பெயரால் கூலி வெட்டு!

பஞ்சாலையில் பெண் தொழிலாளி சம கூலி கேட்டால், நிர்வாகத்தின் ஆட்கள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். "மாதத்தில் சில நாள் இவர்களுக்கு உடம்பு ஒரு நிலையில் இராது, மனமும் ஒரு நிலையில் இராது. எரிந்து விழுவார்கள், லீவு கேட்பார்கள். இவர்களை நம்பிப் பொறுப்பான வேலையை எப்படி ஒப்படைப்பது?" என்கிறார்கள்.

அதே பெண் அங்கன்வாடியில் ஊர்க் குழந்தைகளைக் காக்கிறாள். ஆஸ்பத்திரியில் முன்பின் அறியாதவனின் புண்ணைக் கழுவுகிறாள். வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டுகிறாள். இந்த உழைப்புக்கு நியாயமான ஊதியம் எங்கே என்று கேட்டால், அதே கூட்டத்தாரிடம் வேறொரு பதில் இருக்கிறது. "இதற்கெல்லாம் கூலியா? இரக்கம் பெண்ணின் ரத்தத்திலேயே ஊறியது. இயற்கையே அவளைப் பரோபகாரியாகப் படைத்திருக்கிறது. தாய்மைக்கு விலை பேசலாமா?" என்று உருகுகிறார்கள்.

கூலி கொடுக்க வேண்டிய இடத்தில் அவள் ரத்தம் கெட்ட ரத்தம். ஓசியில் வேலை வாங்க வேண்டிய இடத்தில் அதே ரத்தம் தெய்வீக ரத்தம்! இரண்டு கணக்கையும் கூட்டிப் பாருங்கள். இரண்டிலும் லாபம் ஒரே பக்கம். இரண்டிலும் நஷ்டம் ஒரே பக்கம்.

முன்காலத்தில் இந்த இரட்டை நாக்கு சாஸ்திரத்தின் பெயரால் பேசிற்று. பிறகு "பெண்புத்தி பின்புத்தி" என்று பழமொழியின் பெயரால் பேசிற்று. இன்று விஞ்ஞானத்தின் பெயரால், "ஹார்மோன்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பேசுகிறது. சாஸ்திரத்தைக் கேள்வி கேட்கத் துணிந்த தொழிலாளி கூட, விஞ்ஞானம் என்றதும் வாயடைத்து நின்றுவிடுகிறான். ஆகவே விஞ்ஞானம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை நாமே பார்த்துவிடுவோம்.

ஹார்மோன் என்றால் என்ன?

நம் உடம்பில் பல சுரப்பிகள் இருக்கின்றன. அவை ரத்தத்தில் கலந்துவிடும் ரசாயனப் பொருள்களுக்குத்தான் ஹார்மோன் என்று பெயர். வாய்க்கால் தண்ணீர் வயலுக்கு வயல் பாய்வது போல, இவை ரத்தத்தோடு ஓடி உடம்பின் பல பாகங்களுக்கும் செய்தி கொண்டு போகின்றன. ஈஸ்ட்ரோஜன் பெண்ணின் சொத்து, டெஸ்டோஸ்டிரோன் ஆணின் சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இரண்டும் இருவர் உடம்பிலும் உண்டு, அளவுதான் வேறு.

பெண்ணின் உடம்பில் மாதந்தோறும் ஓர் ஏற்ற இறக்கம் நடக்கிறது. மாதவிடாய் நாள்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் குறைந்திருக்கும். பிறகு ஈஸ்ட்ரோஜன் ஏறும். சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருவதற்குச் சற்று முன் உச்சத்தைத் தொடும். அதன்பின் புரோஜெஸ்டிரோன் ஏறும். கரு உண்டாகாவிட்டால் இரண்டும் இறங்கும். மறுபடி மாதவிடாய் வரும். கர்ப்பத்தில் இவை பல மடங்கு பெருகும். பிரசவம் ஆனதும் சடாரென்று சரியும். பிரசவ வலியிலும், தாய்ப்பால் இறங்குவதிலும் ஆக்ஸிடோசின் என்ற மற்றொன்று வேலை செய்கிறது. 45 வயதிலிருந்து 55 வயதுக்குள் பெரும்பாலோருக்கு மாதவிடாய் நின்றுபோகும்.

இவ்வளவும் உண்மை. வயிற்று வலியும் இடுப்பு வலியும் உண்மை. சிலருக்கு மாதவிடாய்க்கு முந்திய நாள்களில் மனச்சோர்வு கடுமையாக வரும். அதற்கு வைத்தியம் வேண்டும். இதில் எதையும் நாம் மறுக்கவில்லை. பெண்ணின் குணத்தை இந்த ஏற்ற இறக்கம்தான் தீர்மானிக்கிறது, ஆகவே அவள் கூலியையும் அதை வைத்தே தீர்மானிக்கலாம் என்கிறார்களே, அந்த வாதத்தைத்தான் மறுக்கிறோம்.

பழைய பொய்யின் சரித்திரம்

முதல் நாக்கின் வாதம் புதிதல்ல. 1873-ம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் எட்வர்டு கிளார்க் என்பவர் ஒரு புத்தகம் எழுதினார். ஹார்வர்டு சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தவர். மாதவிடாய் வரும் வயதில் பெண்கள் ஆண்களைப் போல் படித்தால் கருப்பை கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. அப்படியானால் மில்லில் நாள் முழுதும் நிற்கும் பெண்ணின் கதி என்ன? அவளுக்கு அவ்வளவு கெடுதல் இல்லையாம். அவள் மூளையைக் குறைவாகத்தானே உபயோகிக்கிறாள் என்று எழுதினார் அந்த மகானுபாவர்! படிக்கப் போனால் கருப்பை கெடும். நூல் நூற்கப் போனால் கெடாது! எப்படி இருக்கிறது விஞ்ஞானம்?

அவருக்குப் பதில் சொன்னது ஒரு பெண். மேரி புட்னம் ஜேக்கபி என்ற நியூயார்க் டாக்டர் 268 பெண்களிடம் விவரம் சேகரித்தார். மாதவிடாய் நாள்களில் பெண்கள் எல்லாருமே வேலையை விட்டுப் படுத்துக்கிடக்க வேண்டும் என்ற கூற்றுக்கு ஆதாரமில்லை என்று காட்டினார். 1876-ல் அதே ஹார்வர்டு அவருடைய கட்டுரைக்குப் பரிசு கொடுக்க வேண்டி வந்தது. 1914-ல் லீட்டா ஹாலிங்வொர்த் என்ற மனோதத்துவ ஆராய்ச்சிக்காரர் பெண்களை நாள்தோறும் சோதித்தார். கை வேகம், கை நடுக்கம், மூளை வேலை எல்லாவற்றையும் அளந்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஆண்களையும் சோதித்தார். மாதவிடாய் நாள்களில் திறமை குறைகிறது என்பதற்கு அவர் கணக்கில் ஆதாரம் கிடைக்கவில்லை.

பொய் செத்துவிட்டதா? இல்லை. 1970-ல் அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சிக் கமிட்டி ஒன்றில் இருந்த டாக்டர் எட்கர் பெர்மன், ஹார்மோன் கொந்தளிப்பு இருப்பதால் பெண்கள் பெரும் பதவிகளுக்கு லாயக்கில்லை என்றார். மாதவிடாய் நிற்கும் வயதில் ஒரு பெண் ஜனாதிபதியாக இருந்து, கியூபாவின் பன்றிகள் விரிகுடா விஷயத்தைத் தீர்மானிக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று கவலைப்பட்டார். ஹவாயிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பாட்ஸி மிங்க் என்ற பெண் அங்கத்தினர் அவரை எதிர்த்து நின்றார். பெர்மன் அந்தக் கமிட்டியிலிருந்து விலகினார்.

நாம் ஒன்று கேட்கிறோம். 1961-ல் அந்தப் பன்றிகள் விரிகுடாப் படையெடுப்புக்கு உத்தரவு கொடுத்தது யார்? தோற்று மூக்குடைபட்டது யார்? கென்னடி என்ற ஆண்தானே! அவருக்கு எந்த ஹார்மோன் கொந்தளித்தது என்று எந்த டாக்டராவது கேட்டாரா?

"அன்பு ஹார்மோன்" என்ற சரக்கு

இனி இரண்டாவது நாக்கைப் பார்ப்போம். இது இனிப்பாகப் பேசும். ஆகவே அதிக ஆபத்தானது. பெண்ணின் உடம்பில் ஆக்ஸிடோசின் என்ற "அன்பு ஹார்மோன்" சுரப்பதால்தான் அவள் தியாகியாக இருக்கிறாள் என்பது இதன் வாதம்.

இந்தக் கூப்பாட்டுக்குத் தீனி போட்டது 2005-ல் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகரத்திலிருந்து வெளிவந்த ஓர் ஆராய்ச்சி. மூக்கில் ஆக்ஸிடோசின் மருந்தைத் தெளித்தால், பணம் வைத்து ஆடும் ஒரு விளையாட்டில் முன்பின் தெரியாதவரை அதிகமாக நம்புகிறார்கள் என்றது அது. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ஆனால் அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்கள் யார்? எல்லாரும் ஆண்கள்! ஆண்களிடம் நடந்த சோதனையை வைத்துப் பெண்ணின் தாய்மைக் குணத்தைப் பாடினார்கள். பின்னர் அந்தச் சோதனை மேலும் அதிகமான பேரைக் கொண்டு திரும்ப நடத்தப்பட்டு, 2020-ல் முடிவு வெளியாயிற்று. முதலில் சொன்ன பலன் பொதுவாகத் தென்படவில்லை. பத்திரிகைகளில் முதல் செய்திக்குக் கிடைத்த கொட்டு முழக்கம் இரண்டாவது செய்திக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. நெதர்லாந்தில் கார்ஸ்டன் டி ட்ரூ என்பவரின் குழு 2010, 2011-ம் ஆண்டுகளில் நடத்திய சோதனைகளில், இந்த ஆக்ஸிடோசின் தன் கூட்டத்தாரிடம் காட்டும் பரிவைத்தான் கூட்டிற்று. எல்லாரிடமும் காட்டும் பரிவை அல்ல. தன் ஜாதி, தன் தெரு என்று பார்ப்பதற்கும் பரோபகாரத்துக்கும் வித்தியாசம் இல்லையா? தாய்ப்பாலை இறக்கும் ஒரு ரசாயனத்தைத் தர்ம தேவதையாக்கிவிட்டார்கள் இந்தப் பண்டிதர்கள்.

நினைப்புதான் கெடுத்தது

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒரு சோதனை 2010-ல் வெளியாயிற்று. அதுவும் ஜூரிச் நகரத்தில் நடந்ததுதான். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் கலந்துகொண்டார்கள். சிலருக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தார்கள். சிலருக்கு வெறும் போலி மருந்து. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. பிறகு ஒரு பங்கீட்டு விளையாட்டு. ஒருத்தி கையில் ஒரு தொகை. அதில் எவ்வளவு தனக்கு, எவ்வளவு மற்றவளுக்கு என்று அவள் சொல்ல வேண்டும். மற்றவள் ஒப்புக்கொண்டால் அப்படியே பங்கு. "போ, எனக்கு வேண்டாம்" என்று மறுத்துவிட்டால் இருவருக்கும் ஒன்றுமில்லை. கூலி பேரம் பேசிப் பழகிய நமக்கு இந்த விளையாட்டு நன்றாகப் புரியும்.

டெஸ்டோஸ்டிரோன் என்றால் முரட்டுத்தனம், சுயநலம் என்பது ஊர் நம்பிக்கை. நடந்தது என்ன? உண்மையில் அந்த ஹார்மோன் கொடுக்கப்பட்டவர்கள் கூடுதல் நியாயமாகப் பங்கு பிரித்தார்கள்! ஆனால் "எனக்கு அந்த ஹார்மோனைத்தான் கொடுத்திருக்கிறார்கள்" என்று நம்பிய பெண்கள், உண்மையில் எதை விழுங்கியிருந்தாலும் சரி, குறைவாகப் பங்கு கொடுத்தார்கள்.

தோழர்களே, இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஹார்மோன் அவர்களைச் சுயநலக்காரர்களாக்கவில்லை. ஹார்மோனைப் பற்றிப் பரப்பப்பட்ட கதைதான் ஆக்கிற்று! "நீ இன்னது குடித்திருக்கிறாய், ஆகவே நீ இப்படித்தான்" என்ற நினைப்பு, உடம்பில் ஓடிய பொருளையே மிஞ்சிவிட்டது. அப்படியானால் பிறந்த நாள் முதல் "நீ பெண், நீ விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்" என்று காதில் ஓதி ஓதி வளர்க்கப்பட்ட ஒருத்தியிடம் அந்த நினைப்பு எவ்வளவு வேலை செய்திருக்கும்?

மாதச் சுழற்சியைப் பற்றி நேராகவே விசாரித்த ஆராய்ச்சியும் இருக்கிறது. 2015-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆராய்ச்சிக்காரர்கள், பிறருக்குப் பங்கு கொடுக்கும் விருப்பம் மாதத்தின் எந்த நாள்களில் கூடுதலாக இருக்கிறது என்று பார்த்தார்கள். மாதவிடாயை ஒட்டிய முதல் நாள்களில்தான், முட்டை வெளிவந்த பிறகு வரும் நாள்களை விட, அந்த விருப்பம் கூடுதலாகக் காணப்பட்டது. "வீட்டுக்கு விலக்கு" என்று திண்ணையில் உட்கார வைக்கிறார்களே, "இன்றைக்கு அவளிடம் பேச்சுக் கொடுக்காதே" என்று சூப்பர்வைசர் கேலி செய்கிறாரே, அதே நாள்கள்!

ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு "மாதவிடாய் நாளில் பெண் தர்மவதி" என்று நாம் புதிய சாஸ்திரம் எழுதப் போவதில்லை. சில நூறு பேரிடம் கேட்ட கேள்வியை வைத்துக் கோடிக்கணக்கான பெண்களுக்கு விதி எழுதுவது எதிரியின் வேலை. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: ஊரில் அளக்கும் கதையும் அளந்து பார்த்த கணக்கும் ஒத்துப்போகவில்லை.

வேலையும் ஹார்மோனை மாற்றும்

"பிறகு ஏன் பெண்கள் ஆண்களை விட அதிகமாக விட்டுக்கொடுக்கிறார்கள்? கண்ணால் பார்க்கிறோமே!" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

2017-ல் ஜூரிச் ஆராய்ச்சிக்காரர்கள் மூளையின் டோபமைன் என்ற ரசாயனத்தை ஒரு மருந்தால் மட்டுப்படுத்திப் பார்த்தார்கள். வெகுமதி கிடைக்கும்போது ஏற்படும் திருப்தியில் பங்குள்ள ரசாயனம் அது. மருந்து உண்டதும் பெண்களின் தாராளம் குறைந்தது. ஆண்களின் தாராளம் கூடிற்று! அதாவது பிறருக்குக் கொடுப்பதில் பெண்ணின் மூளை கண்ட திருப்தி, ஆணின் மூளைக்குத் தனக்கென்று எடுப்பதில் கிடைத்திருக்கிறது. இது பிறவிக் குணம் என்று அவர்கள் முடிவு கட்டிவிடவில்லை. வெகுமதியைத் தேடும் மூளை, எதற்கு வெகுமதி கிடைக்கிறது என்பதைக் கற்றுக்கொள்ளும் மூளை. பெண் குழந்தை தின்பண்டத்தைத் தம்பிக்குக் கொடுத்தால் "சமர்த்து" என்கிறோம்; ஆண் குழந்தை பிடுங்கித் தின்றால் "ஆம்பளைப் பிள்ளை" என்று சிரிக்கிறோம். இருபது வருஷம் இப்படிப் பழக்கிவிட்டு, பிறகு "பார், இயற்கை!" என்பது என்ன நியாயம்?

இதை விடத் தெளிவான சான்று பிலிப்பைன்ஸ் தேசத்தின் செபு பகுதியிலிருந்து 2011-ல் வந்தது. 624 இளைஞர்களின் டெஸ்டோஸ்டிரோனை முதலில் அளந்து, நாலரை வருஷம் கழித்து மறுபடி அளந்தார்கள். இடையில் தகப்பனானவர்களுக்கு அது நன்றாகக் குறைந்திருந்தது. அதிலும் தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பார்த்துக்கொண்ட தகப்பன்மாருக்கு, அப்படிச் செய்யாதவர்களை விடக் குறைவாக இருந்தது.

இதன் அர்த்தம் என்ன? ஹார்மோன் மேலே உட்கார்ந்து உத்தரவு போடும் எஜமான் அல்ல. மனிதன் செய்யும் வேலையும் ஹார்மோனை மாற்றுகிறது. தொட்டிலை ஆட்டும் கை யாருடையதோ, அவருடைய உடம்பும் அதற்கு இணங்கி வருகிறது. பராமரிப்பு வேலை பெண்ணின் சுரப்பியில் எழுதி வைத்த விதி என்றால், செபுவின் தகப்பன்மார் உடம்பில் அதை எழுதியது யார்?

சுரப்பி வேலைநிறுத்தம் செய்யுமா?

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருப்பவர்கள் ஐஸ்லாந்துக்குப் போகட்டும். 1975-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி அந்த நாட்டுப் பெண்களில் 100-க்கு 90 பேர் வேலையை நிறுத்தினார்கள். ஆபீசிலும் தொழிற்சாலையிலும் மட்டுமல்ல. வீட்டுச் சமையல், பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றையும் ஒரு நாள் நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். தகப்பன்மார் பிள்ளைகளை வேலைத்தலத்துக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். பள்ளிக்கூடங்கள் மூடின. நாடே ஸ்தம்பித்தது. அடுத்த வருஷமே பார்லிமெண்டு ஆண் பெண் சமத்துவச் சட்டத்தை நிறைவேற்றிற்று.

அன்றைக்கு அந்தப் பெண்களுக்கெல்லாம் ஹார்மோன் வற்றிவிட்டதா? சுரப்பிகள் கூட்டம் கூடித் தீர்மானம் போட்டனவா? பெண்கள் கூடினார்கள், பேசினார்கள், முடிவு செய்தார்கள். கூடி முடிவெடுத்து நிறுத்தக்கூடியது எதுவோ அதற்குப் பெயர் உழைப்பு. மூச்சு விடுவதை யாரும் வேலைநிறுத்தம் செய்ய முடியாது; உழைப்பைத்தான் செய்ய முடியும். ஆகவே பெண் செய்யும் பராமரிப்பு ஓர் உழைப்பு. உழைப்பு என்றால் அதற்குக் கூலி உண்டு, நேரம் உண்டு, ஓய்வு உண்டு.

நம் நாட்டுக் கணக்கு

நம் நாட்டில் நடப்பதைப் பாருங்கள். அங்கன்வாடித் திட்டம் 1975-ல் ஆரம்பமாயிற்று. ஆஷா ஊழியர் திட்டம் 2005-ல் வந்தது. இரண்டிலும் வேலை செய்வது பெண்கள். குழந்தைக்குச் சத்துணவு, கர்ப்பிணிக்குத் துணை, தடுப்பூசிக்கு அழைப்பு என்று வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். ஆனால் இவர்கள் "தொண்டர்கள்" என்றது சர்க்கார். கையில் கொடுப்பது ஊதியமல்ல, மதிப்பூதியம், ஊக்கத்தொகை என்று பெயர் வைத்தது. இவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013-ல் இந்தியத் தொழிலாளர் மகாநாடே சிபாரிசு செய்தது. அங்கன்வாடி ஊழியருக்கும் கிராஜுவிட்டி உண்டு என்று 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு சொல்ல வேண்டி வந்தது.

2020-ல் கொரோனா வந்தபோது ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. கதவு கதவாகத் தட்டியது ஆஷா பெண்கள். 2022 மே மாதம் உலக சுகாதார ஸ்தாபனம் அவர்களுக்கு விருது கொடுத்துக் கௌரவித்தது. தலைவர்கள் பாராட்டினார்கள். பாராட்டை உலையில் போட்டால் வேகுமா? விருதை அளந்தால் எத்தனை படி அரிசி? பெண்ணின் பரோபகாரத்தைப் புகழ்கிற வாய், மாதச் சம்பளம் என்றதும் ஏன் மூடிக்கொள்கிறது?

இது இனிப்பு நாக்கின் கணக்கு. கசப்பு நாக்கின் கணக்கு இன்னும் கொடியது. மகாராஷ்டிரத்தின் பீட் ஜில்லாவிலிருந்து கரும்பு வெட்டப் போகும் குடும்பங்களில் புருஷனும் மனைவியும் சேர்ந்து ஓர் அரிவாள் கணக்கு. ஒரு நாள் வராவிட்டால் காண்ட்ராக்டருக்கு 500 ரூபாய் அபராதம். மாதவிடாய் நாளிலும் விடுப்பு இல்லை. வயலில் கக்கூசும் இல்லை. 2019-ல் சர்க்கார் அமைத்த கமிட்டி அங்கே 82,000-க்கும் மேற்பட்ட கரும்பு வெட்டும் பெண்களின் விவரம் எடுத்தது. அவர்களில் 13,000-க்கும் மேற்பட்டவர்கள் கருப்பையை அறுத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்! பலர் நாற்பது வயதைக் கூட எட்டாதவர்கள். கருப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டால் இளம் வயதிலேயே ஹார்மோன் நின்று, எலும்பு தேயும், உடம்பு தளரும். மூன்று நாள் ஓய்வு கொடுக்க மனமில்லாத முறை, ஓர் உறுப்பையே விலையாக வாங்கியிருக்கிறது.

நம் பக்கத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த சுமார் 100 பெண்களிடம் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் விசாரித்து 2019-ல் செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலிக்கு வேலைத்தலத்தில் பெயர் தெரியாத மாத்திரைகளைக் கொடுத்தார்கள் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். ஓய்வுக்குப் பதில் மாத்திரை! வலி அடங்க வேண்டும், மெஷின் ஓட வேண்டும். உடம்பு என்ன ஆனால் யாருக்கென்ன?

ஹார்மோனைக் குற்றம் சொல்கிற நிர்வாகம், அந்த ஹார்மோனைக் கெடுப்பதில் தனக்குள்ள பங்கை மட்டும் சொல்லாது. அமெரிக்காவில் 70,000-க்கும் மேற்பட்ட நர்சுகளின் விவரங்களைக் கொண்டு 2011-ல் வெளியான ஆராய்ச்சி, மாறி மாறி இரவு ஷிப்டு பார்த்தவர்களுக்கு மாதச் சுழற்சி ஒழுங்கு தப்புவது அதிகம் என்று காட்டிற்று. இரவெல்லாம் விழிக்க வைப்பது நீங்கள். பகலில் "இவளுக்கு உடம்பு ஒரு நிலையில் இல்லை" என்பதும் நீங்களா?

ஆண் தொழிலாளிக்கு ஒரு வார்த்தை

தோழர்களே, இந்தப் பொய்யை நிர்வாகம் மட்டும் பேசினால் அது இவ்வளவு நாள் நிலைக்காது. நம் மத்தியிலேயே அதைத் திருப்பிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சங்கக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து சூடாகப் பேசினால், "இன்றைக்கு அந்த நாள் போலிருக்கிறது" என்று பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுகிறது. அதே சூட்டோடு ஓர் ஆண் பேசினால் "சிங்கம் போலப் பேசினார்" என்கிறோம். அந்தச் சிரிப்பு யாருக்கு உதவுகிறது? மேஸ்திரிக்கு உதவுகிறது.

உங்கள் கூலிக்கும் இதில் சம்பந்தம் உண்டு. பெண் பொறுமைசாலி, எதிர்த்துப் பேச மாட்டாள், குறைந்த கூலிக்கு வருவாள் என்று கணக்குப் போட்டுத்தான், "சுமங்கலித் திட்டம்" என்று அழகான பெயர் வைத்து, கலியாணப் பணம் தருவதாக ஆசை காட்டி, இளம் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் மில் விடுதிகளில் அடைத்தார்கள். அந்த மலிவுக் கூலி வந்த இடத்தில் நிரந்தரத் தொழிலாளியின் பேர சக்தி என்ன ஆயிற்று? நடவிலும் களையெடுப்பிலும் பெண்ணுக்கு ஒரு கூலி, ஆணுக்கு ஒரு கூலி என்று வைத்திருப்பதும் இதே தந்திரம்தான். சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்தது. சட்டம் வந்தும் வரப்பு மேல் நிற்பவர் பணத்தை இரண்டு விதமாகத்தான் எண்ணினார். பக்கத்து வரிசையில் நாற்று நடுகிறவளின் கூலி குறைந்தால், நாளை உங்கள் கூலியையும் அந்த அளவுக்கு இழுப்பார்கள்.

நாம் கேட்பது என்ன?

உடம்புக்கு உள்ள தேவையை உடம்பின் உரிமையாகக் கொடுங்கள். மில்லிலும் வயலிலும் தண்ணீரோடு கூடிய கக்கூஸ் வேண்டும். வலி உள்ள நாளில் கூலி பிடிக்காத ஓய்வு வேண்டும். இது நடக்காத காரியமல்ல. ஜப்பான் 1947-லேயே மாதவிடாய் விடுப்பைச் சட்டத்தில் எழுதிற்று. பீகாரில் 1992-ல் சர்க்கார் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் கிடைத்தது. போராடித்தான் கிடைத்தது. வலிக்கு டாக்டர் வேண்டும். பெயர் தெரியாத மாத்திரை வேண்டாம். ஓய்வு கேட்டவளை "லாயக்கில்லாதவள்" என்று எழுதும் பழக்கம் ஒழிய வேண்டும். முதுகு வலிக்கு ஓய்வு எடுத்த ஆணின் குணத்தை யாரும் சந்தேகிப்பதில்லை அல்லவா?

பராமரிப்பு உழைப்பை உழைப்பு என்று ஒப்புக்கொள்ளுங்கள். அங்கன்வாடி ஊழியருக்கும் ஆஷா ஊழியருக்கும் தொழிலாளி என்ற பெயரும், தொழிலாளிக்குரிய சம்பளமும், பென்ஷனும் வேண்டும். வயலிலும் ஆலையிலும் சம வேலைக்குச் சம கூலி வேண்டும்.

வீட்டுக்குள்ளும் ஒரு கோரிக்கை உண்டு. ஷிப்டு முடிந்து இருவரும் வீடு திரும்பினால், அடுப்படி ஒருத்திக்கு, திண்ணை ஒருவனுக்கு என்ற ஒப்பந்தம் எந்தச் சுரப்பியிலும் எழுதப்படவில்லை. குழந்தையைத் தூக்குங்கள். செபுவின் தகப்பன்மாருக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரட்டும். அதனால் யாருடைய ஆண்மையும் குறைந்துவிடாது.

பெண்ணின் இரக்கத்தை நாம் மதிக்கிறோம். ஸ்டிரைக் நாள்களில் ஊருக்கே கஞ்சி காய்ச்சி ஊற்றிய கைகளை நாம் மறக்கவில்லை. ஆனால் அது சுரப்பி சுரந்து தானாக வந்த கஞ்சி அல்ல. தன் வீட்டு அரிசியை அளந்து, பக்கத்து வீட்டுப் பசியை நினைத்து, வேண்டுமென்றே போட்ட கஞ்சி. அதைச் செய்தது அவள் புத்தி. அவள் வர்க்க உணர்வு. அந்தப் பெருமையை அவளிடமிருந்து பிடுங்கி ஒரு ரசாயனத்துக்குக் கொடுக்க நாம் சம்மதிக்க மாட்டோம்.

அடுத்த முறை கூலிப் பேச்சுவார்த்தையில் நிர்வாகத்தின் ஆள் "ஹார்மோன்" என்று வாயெடுத்தால், பெண் தொழிலாளி பதில் சொல்லும் முன்பே ஆண் தொழிலாளி எழுந்து கேட்கட்டும்: "ஐயா, ஹார்மோன் கணக்கு இருக்கட்டும். கூலிக் கணக்கை எடுங்கள்!"